வாவிக் கரையில் வதிவுரிமை: மட்டக்களப்பு வரலாற்றில் வந்தோரும் வாழ்ந்தோரும்

ஒரு நாட்டின் எல்லைக்குள் பிறநாட்டவர் ஒருவர் தங்கி வாழ்வதற்கு அந்நாட்டு அரசின் அனுமதி வேண்டும் என்பது இன்று எவரும் ஐயுறாத கருத்தாகும். சுவிற்சர்லாந்தில் புகலிடம் கோருவோருக்கு 'என்' என்னும் எழுத்துப் பொறித்த அட்டையும், தற்காலிகமாக ஏற்கப்பட்டோருக்கு 'எஃப்' அட்டையும், வதிவோருக்கு 'பி' அட்டையும், நிலையாகக் குடியமர்ந்தோருக்கு 'சி' அட்டையும் வழங்கப்படுகின்றன. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் இவ்வெழுத்துகளின் வேறுபாட்டைத் தம் வாழ்வினாலேயே கற்றுக்கொண்டனர். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களிலிருந்து சென்றோரும் அவருள் அடங்குவர்.

இவ்வனுமதிகள் எந்நாட்டில் வழங்கப்படினும் அவற்றின் அடிப்படையில் நான்கு வினாக்கள் உள்ளன. வந்தவர் எதற்காக வந்தார்? அவருக்குப் பொறுப்பேற்பவர் யார்? அவர் எவ்வாறு பிழைப்பார்? எவ்வளவு காலம் இருப்பார்? இந்நான்கு வினாக்களும் ஐரோப்பியக் குடிவரவு அலுவலகங்களில் முதன்முதலாகத் தோன்றியவையல்ல. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தில் நங்கூரமிட்ட ஐரோப்பியரிடத்தும் இவ்வினாக்களே கேட்கப்பட்டன. அன்று விண்ணப்பித்து நின்றவர் ஐரோப்பியர். ஏற்பதா மறுப்பதா எனத் தீர்மானிக்கும் நிலையில் இருந்தோர் இப்பிரதேசத்தின் தலைவர்களும் கண்டி மன்னரும் ஆவர். அவ்வரலாற்றை நோக்குவதும், வந்தோருள் எவர் நிலைத்தனர், எவர் நீங்கினர் என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலமும் அதிகாரமும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பாங்கான நிலம் எழுவான்கரை எனவும், மேற்கே வயலும் காடும் விரிந்த நிலம் படுவான்கரை எனவும் வழங்கப்படும். புலியந்தீவு வாவியின் நடுவே அமைந்தது. கடலிலிருந்து வருவோர் முகத்துவாரத்தின் வழியே இத்தீவை அடையலாம். தீவைக் கைக்கொண்டோர் வாவியின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தலாம். பிற்காலத்தில் கோட்டை இத்தீவில் எழுந்தமைக்குக் காரணம் இதுவேயாகும்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பிரதேசம் உள்ளூர்த் தலைவர்களின் ஆட்சியிலும் கண்டி மன்னரின் மேலாண்மையிலும் இருந்தது. கடலோரத்தின் பெரும்பகுதி போர்த்துக்கேயர் வசப்பட்டிருந்த அக்காலத்தில், மலைநாட்டு இராச்சியத்துக்குக் கடலோடு எஞ்சியிருந்த தொடர்பு கிழக்குக் கரையே. உப்பும் கருவாடும் மலைக்கு ஏறியதும், மலைநாட்டுப் பொருள்கள் கடலுக்கு இறங்கியதும் இவ்வழியாகவே. ஆகவே இக்கரையில் யாரை இருக்கவிடுவது என்னும் வினா கண்டிக்கு வாழ்வா சாவா என்னும் வினாவாகவே இருந்தது.

மன்னரின் அனுமதி இதன் ஒரு பக்கமே. மறுபக்கத்தில் குடி என்னும் சமூக அமைப்பு நின்றது. மட்டக்களப்பில் ஒருவர் எக்குடியைச் சேர்ந்தவர் என்பது தாய்வழியாலேயே தீர்மானிக்கப்படும். 'வயிற்றுவார்' என மக்கள் வழங்கும் இத்தாய்வழி முறையின்படி பிள்ளைகள் தாயின் குடியினர் ஆவர். கோயில் திருவிழாவில் உரிமை, ஊர்க்காரியங்களில் பங்கு, திருமணத்தில் கொள்ளத்தக்கோர் தகாதோர் என்னும் வரையறை ஆகியன யாவும் குடியின் வழியே கணிக்கப்பட்டன. வீடும் நிலமும் பெரும்பாலும் பெண்மக்கள் வழியே சென்றன. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்ந்தான். முற்குகச் சட்டம் எனப் பெயர்பெற்ற இவ்வழமைகளைத் தொகுத்து கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

இவ்வமைப்பின் ஒரு விளைவு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. தந்தைவழிச் சமூகத்தில் வெளியிலிருந்து வந்த ஆணின் பிள்ளைகள் வந்தேறியின் பிள்ளைகளாகவே எண்ணப்படுவர். தாய்வழிச் சமூகத்திலோ அப்பிள்ளைகள் தாயின் குடியிற் பிறந்த உள்ளூரவர் ஆகின்றனர். வந்த ஆண் வந்தேறியாகவே இறப்பினும், ஒரு தலைமுறையில் அவன் வழித்தோன்றல்கள் மண்ணின் மக்களாகிவிடுகின்றனர். மன்னரின் ஓலை வழங்கவியலாத ஒன்றை இவ்வழமை வழங்கியது.

2. கடல்வழி வந்த விண்ணப்பங்கள்

1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கடற்றளபதி மட்டக்களப்புக்கு அப்பால் நங்கூரமிட்டான். மட்டக்களப்புத் தலைவன் வந்தவர்களைப் போர்த்துக்கேயரோ என ஐயுற்றான். தோற்றத்தால் ஒத்த இரு ஐரோப்பிய இனத்தவருள் பகைவர் யார், நண்பர் யார் எனப் பிரித்தறிவது அக்காலத்தில் எளிதன்று. வந்தவன் தான் யார் என்பதை நிறுவ வேண்டியிருந்தது. ஸ்பில்பேர்கன் ஒல்லாந்த இளவரசர் மோரிசின் திருமுகத்தைக் கொண்டுவந்திருந்தான். பின்னர் அவன் கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். போர்த்துக்கேயரை எதிர்க்கத் துணைதேடிய மன்னன் அவனை மகிழ்ந்து வரவேற்று, ஒல்லாந்தர் இலங்கையிற் கோட்டை கட்ட விரும்பின் தானும் தன் குடும்பத்தினரும் கற்சுமப்போம் என்று கூறியதாகப் பயணக்குறிப்புகள் தெரிவிக்கின்றன. ஸ்பில்பேர்கன் நாடு திரும்பியபோது அவனுடைய இசைக்கலைஞர் இருவர் மன்னனின் பணியில் கண்டியிலேயே தங்கினர். மன்னனுக்குப் பயன்படும் கலையொன்றைக் கற்றிருந்தமையே அவர்களுக்கு வதிவுரிமையைப் பெற்றுத்தந்தது எனலாம்.

அடுத்துவந்த செபால்ட் டி வேர்ட்டின் கதை இதற்கு நேர்மாறானது. போர்த்துக்கேயருக்கு எதிராக உதவுவதாக வாக்களித்த அவன், 1603ஆம் ஆண்டில் தான் கைப்பற்றிய போர்த்துக்கேயக் கப்பல்களில் இருந்தோரை விடுவித்தான். மன்னனின் பார்வையில் இது வாக்கு மீறலாகும். மட்டக்களப்பில் நிகழ்ந்த சந்திப்பில் வாய்ச்சண்டை முற்றி டி வேர்ட்டும் அவனுடன் சென்ற பலரும் கொல்லப்பட்டனர். அனுமதி வழங்கியவன் கருதிய நோக்கமும் பெற்றவன் கருதிய நோக்கமும் வெவ்வேறாயிருந்தமையே இவ்வழிவுக்கு மூலம். வந்ததன் காரணம் பொய்த்தது எனக் கருதப்பட்டவிடத்து அனுமதியும் பொய்த்தது.

இக்காலத்தில் இத்தகைய விண்ணப்பங்கள் கீழைக் கடலெங்கணும் நிகழ்ந்தன. 1620ஆம் ஆண்டு தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரிடம் தேனியர் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வாணிகம் செய்யவும் உரிமை பெற்றனர். அத்தேனியக் கப்பல்களை இத்திசைக்கு வரவழைத்தது, 1612ஆம் ஆண்டில் கண்டி மன்னன் செனரத்துடன் உடன்படிக்கை செய்த மார்சலிஸ் டி பொசௌவர் என்னும் ஒல்லாந்தனின் முயற்சி என்பது நினைவுகூரத்தக்கது. தரங்கம்பாடியின் வரலாறும் கிழக்கிலங்கையின் வரலாறும் இவ்வாறு ஒரே முடிச்சில் இணைகின்றன.

3. துரத்தப்பட்டோருக்குக் கிடைத்த இடம்

1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட இலங்கைப் பகுதிகளிலிருந்து சோனகரை வெளியேற்றினர். வாணிகப் போட்டியும் சமயப் பகைமையும் இவ்வாணைக்குக் காரணங்களாயின. தலைமுறை தலைமுறையாகத் துறைமுகப் பட்டினங்களில் வாழ்ந்தோர் ஒரே ஆணையால் நாடற்றவராயினர். அவர்களுக்கு அடைக்கலம் அளித்தவன் செனரத் மன்னன். அவர்களுள் 4,000 பேரை மட்டக்களப்பில் அவன் காவற்படையாக அமர்த்தினான் எனக் கெய்றோஸ் பாதிரியார் எழுதுகின்றார். கெய்றோஸ் போர்த்துக்கேயர் பக்கம் நின்று எழுதியவர். செனரத்தைப் புகழும் நோக்கம் அவருக்கு இல்லை. எண்ணிக்கை மிகைபடக் கூறப்பட்டிருக்கலாமெனினும் நிகழ்ச்சியின் உண்மையை ஐயுறுதற்கு இடமில்லை.

இதனை இரக்கத்தின் செயல் என்று மாத்திரம் கொள்வது வரலாற்று நோக்காகாது. கெய்றோஸ் 'காவற்படை' என்னும் பொருளில் எழுதுவதே மன்னனின் கணிப்பைப் புலப்படுத்துகின்றது. போர்த்துக்கேயரால் இழப்புற்றவர்கள் போர்த்துக்கேயருக்கு எதிராக உறுதியுடன் நிற்பர். கடலும் வாணிகமும் அறிந்தவர்கள் கரையை வளப்படுத்துவர். மலைநாட்டில் குடியேறிய சோனகர் தவளம் எனப்படும் பொதிமாட்டுப் போக்குவரத்தில் சிறந்து விளங்கியமையும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. எனினும் கணிப்பும் அறமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. துரத்தியவனுக்கும் ஏற்றுக்கொண்டவனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கணிப்பினால் அழிந்துவிடாது.

சோனகர் இப்பிரதேசத்துக்கு வந்தது 1626இல் மாத்திரமே எனக் கொள்வதும் பொருந்தாது. முற்குகருக்கும் திமிலருக்கும் நிகழ்ந்த போரில் பட்டாணியர் முற்குகருக்குத் துணைநின்றனர் என்றும், வெற்றியின் பின்னர் அவர்களுக்கு முற்குகப் பெண்களும் ஏறாவூர்ப் பகுதியில் நிலமும் வழங்கப்பட்டன என்றும் மட்டக்களப்பு மரபு கூறுகின்றது. இம்மரபின் காலத்தையும் விவரங்களையும் வரலாறாக நிறுவுதல் அரிது. ஆயினும் ஒரு சமூகம் தன் அயலவர் இங்கு வந்தமையை எவ்வாறு நினைவுகூர்கின்றது என்பதற்கு அது சிறந்த சான்றாகும். அந்நினைவில் அயலவர் அழைக்கப்பட்ட துணைவராகவும் மருமக்களாகவுமே தோன்றுகின்றனர்.

இம்மரபுக்கு வலுவூட்டுவது கிழக்கிலங்கை முஸ்லிம்களின் சமூக அமைப்பாகும். அவர்களிடையேயும் தாய்வழிக் குடிகள் உள்ளன. குடிப்பெயர்களிற் சில தமிழர் குடிப்பெயர்களை ஒத்தவை. கோயில்களில் குடிப் பிரதிநிதிகளாக வண்ணக்கர் விளங்குவது போலப் பள்ளிவாசல்களில் குடிகளின் சார்பில் மரைக்காயர் விளங்கினர். மணமகன் பெண்வீட்டில் வாழும் வழக்கமும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இருசாராருக்கும் பொதுவானவை. இப்பொதுமையை அயலிருப்பு மாத்திரம் விளைவித்ததெனல் பொருந்தாது. மணத்தொடர்பும் அதற்குக் காரணமாயிற்று எனக் கொள்வதே தகும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கரை வழியே செல்வோர் முஸ்லிம் ஊரும் தமிழூரும் மாறிமாறி வருவதைக் காண்பர். அரச ஓலையொன்றும் இவ்வாறான ஒழுங்கை வரைந்து வைக்கவில்லை. தலைமுறைகளின் வாழ்வே அதனை அமைத்தது.

4. கோட்டையும் உடன்படிக்கையும்

அனுமதி கேளாமல் வதிவிடம் அமைத்தவர் போர்த்துக்கேயர். 1628ஆம் ஆண்டில் கொன்ஸ்தன்தீனு டி சா என்னும் கப்பித்தான் செனரல் புலியந்தீவிற் கோட்டை எழுப்பினான். கண்டியின் கடல்வாயிலை அடைப்பதே அதன் நோக்கம். அக்கோட்டை போர்த்துக்கேயர் கையில் இருந்தது பத்தாண்டு மாத்திரமே. இரண்டாம் இராசசிங்கன் அழைப்பின்பேரில் வந்த அதாம் வெஸ்தர்வோல்ட் தலைமையிலான ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அதனைக் கைப்பற்றினர். ஐந்து நாள்களின் பின், மே 23ஆம் நாள், மன்னனுக்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கும் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

மட்டக்களப்பு மண்ணில் எழுதப்பட்ட வதிவு ஆவணங்களுள் இவ்வுடன்படிக்கையே மிகப் புகழ்பெற்றது; மிகப் பெரும் பூசலுக்கு வித்திட்டதும் இதுவே. ஒல்லாந்தர் செய்யும் போர்ச்செலவை மன்னன் கறுவா முதலிய பொருள்களால் ஈடுசெய்தல் வேண்டும். வாணிகத்தில் அவர்களுக்குத் தனியுரிமை உண்டு. கத்தோலிக்கக் குருமாரை மன்னன் தன் நாட்டில் இருக்கவிடலாகாது. ஆக, ஒருவரை இருக்கவிடும் அதே ஆவணம் வேறொருவரை இருக்கவிடாதே எனவும் விதித்தது. பூசலுக்குக் காரணமானது மூன்றாம் பிரிவு. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்தலாம் என்பது அதன் பொருள். போர்த்துக்கேய மொழிப் படியில், மன்னன் அதனை விரும்பினால் என்னும் நிபந்தனை இருந்தது. ஒல்லாந்த மொழிப் படியில் அந்நிபந்தனை காணப்படவில்லை. ஒரு சிறு வாக்கியம் இருந்ததும் இல்லாததுமே விருந்தினன் யார், வீட்டுக்காரன் யார் என்பதைத் தலைகீழாக்கியது. போர்ச்செலவின் கணக்கு ஒருபோதும் தீரவில்லை. தீராத கடனைக் காட்டி ஒல்லாந்தர் கரையோர நிலங்களை ஈடாக வைத்துக்கொண்டனர்.

கிழக்குக் கரையை இடையில் மன்னனிடம் விட்டிருந்த ஒல்லாந்தர் 1665இல் திருகோணமலையையும் 1668இல் மட்டக்களப்பையும் மீண்டும் வசப்படுத்தினர். கீர்த்திசிறி இராசசிங்கனுடன் நிகழ்ந்த போரின் பின்னர், 1766ஆம் ஆண்டு பெப்ரவரியில் செய்யப்பட்ட உடன்படிக்கையால் கடலோரம் முழுவதும் ஒல்லாந்தருக்கு உரியதாயிற்று. வதிவுரிமை வேண்டி வந்தோர் அவ்வுரிமையை வழங்குவோராக மாறிய வரலாறு இதுவாகும். 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரின் இடத்தைப் பிடித்தனர்.

அனுமதியின் மறுபுறமும் ஒன்றுண்டு. 1660ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வடக்கே கொட்டியாரத்துறையில் கரையிறங்கிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞன், தன் தந்தையோடும் ஏனைய மாலுமிகளோடும் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டான். அவர்கள் சிறைக்கூடத்தில் அடைக்கப்படவில்லை, ஊர்களிலே குடியிருத்தப்பட்டனர். சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பத்தராயினர். வெளியேறும் உரிமை மாத்திரம் அவர்களுக்கு இல்லை. நொக்ஸ் 1679இல் தப்பிச் சென்றான். தங்குவதற்கான அனுமதி, செல்வதற்கான உரிமையோடு சேராதவிடத்து அது தண்டனையாகிவிடும் என்பதற்கு அவன் வாழ்வு சான்று பகரும்.

5. நீங்கியோரும் நிலைத்தோரும்

கோட்டை கட்டிய பேரரசுகள் மூன்றும் நீங்கின. ஆனால் கோட்டையோடு வந்தோர் அனைவரும் நீங்கிவிடவில்லை. உள்ளூரிலே மணஞ்செய்து கைத்தொழில் பழகி வாழ்ந்த போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் பறங்கியர் என்னும் பெயருடன் மட்டக்களப்பிலே நிலைத்தனர். கத்தோலிக்கராகிய அவர்கள் தச்சு, கொல் முதலிய தொழில்களிற் சிறந்தோர். இலங்கைப் போர்த்துக்கேயம் எனப்படும் கலப்புமொழியை அவர்களுட் சில குடும்பத்தினர் இன்றும் பேசுகின்றனர். முகத்துவாரத்தை அடுத்த டச்பார்ப் பகுதியில் வாழ்ந்த இவர்களை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கடுமையாகத் தாக்கியது. கோட்டையின் மூலம் வந்த உரிமை கோட்டையோடு போயிற்று. மண உறவாலும் தொழிலாலும் பெற்ற உரிமை நான்கு நூற்றாண்டு நிலைத்தது.

எனினும் இவ்வமைப்பைக் குறைவற்றதாகப் போற்றுவதும் தவறாகும். குடியமைப்பு ஏற்றத்தாழ்வுகளைக் கொண்டது. எல்லாருக்கும் ஒரே தரமான இடத்தை அது வழங்கவில்லை. மன்னனும் தலைவரும் வந்தோருக்கு இடங்கொடுத்த காலத்திலே, இம்மண்ணின் பழங்குடியினராகிய வேடரிடம் எவரும் அனுமதி கேட்டதாகச் சான்றில்லை. பெண்களின் விருப்பம் மரபுக் கதைகளிற் பேசப்படுவதுமில்லை.

சுதந்திரத்தின் பின்னர் வதிவுரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் முற்றாக மைய அரசிடம் சென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் யார் உள்ளூரவர், யார் வேற்றவர் என்பதை ஆவணத்தால் அளந்தன. தலைமுறைகளாக இந்நாட்டில் உழைத்த மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியில் யார் குடியேறுவது என்பதைக் கொழும்பிலிருந்து தீர்மானித்தது. வாவிக் கரையின் ஊர்கள் ஒன்றையொன்று அறிந்து இடங்கொடுத்த பழைய முறைக்கு இப்புதிய ஒழுங்கில் இடமிருக்கவில்லை.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை இக்கரையோர் நன்கறிவர். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மருமக்களாக நினைவுகூரப்பட்டோர் வந்தேறிகள் எனப்பட்டனர்; நூற்றாண்டுகள் வாழ்ந்த மண்ணில் 'இங்கிருக்க உனக்கென்ன உரிமை?' என்னும் வினாவை அயலவரே அயலவரிடம் எழுப்பினர். அவ்வினாவுக்கு வரலாறு முன்னரே விடைகூறியிருந்தது. அவ்விடையை மறந்தமையே அழிவுக்கு இடந்தந்தது.

இதுகாறும் கூறியவற்றால் இரு உண்மைகள் பெறப்படும். ஒன்று, அனுமதி என்பது ஆள்வோர் வழங்குவது. உரிமை என்பது அயலவர் வழங்குவது. முன்னையது பின்னையதாக மாறுவதற்குத் தொழிலும் உறவும் காலமும் வேண்டும். சுவிற்சர்லாந்தில் பொதுவாகப் பத்தாண்டு காத்திருந்தே 'சி' அட்டை பெறும் மட்டக்களப்பு மனிதன் கற்கும் பாடமும் இதுவேயாகும். மற்றொன்று, இவ்வாவியின் கரையில் வாழும் எவரது வழியைப் பின்னோக்கிச் சென்றாலும், இக்கரையில் இடங்கேட்டு நின்ற ஒரு முன்னோரை அங்குக் காணக்கூடும். அம்முன்னோருக்கு அன்று இடமளிக்கப்பட்டது. ஐரோப்பிய அலுவலகமொன்றின் வாயிலிலே தன் பிள்ளைக்கு வதிவு வேண்டி நிற்கும் ஒரு சமூகம், தன் வாவிக் கரையில் அயலவனின் வதிவைப் பற்றிப் பேசுமிடத்து இதனை மறத்தல் தகாது.